முகம் திருப்பிய அரசன்

பிலேந்திரன் ஒஸ்லோவில் டாக்சி ஓட்டிய காலத்தில் குடிகாரர்கள், மணப்பெண்கள், ஒருமுறை கூண்டோடு ஒரு கிளி என்று பலரையும் ஏற்றி இறக்கியிருக்கிறான். ஆனால் சிவகாமியைப் போல இருப்புக்கொள்ளாத ஒரு பயணியை அவன் கண்டதில்லை. லில்லெஸ்ட்ரோம் போகும் பெருஞ்சாலையில் அவள் கார்க் கண்ணாடியை இறக்கினாள். 2004ஆம் ஆண்டு நவம்பர் மழை முகத்தில் அடித்ததும் ஏற்றினாள். கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள். உடனே எடுத்து மறுபடியும் மாட்டினாள்.

“அக்கா, இறங்கித் தள்ளினால் கெதியாப் போகலாம் எண்டு நினைச்சால் சொல்லுங்கோ. நான் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறன்.”

“வாயைக் குறைச்சு, காலை அமத்தும்.”

பிலேந்திரன் அமத்தினான்.

காப்புறுதி நிறுவனமொன்றில் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடித்துப் பழகிய சிவகாமி, நகரின் குரொன்லாந்துப் பகுதியில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேல்மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்து இரண்டு வருடம் ஆகிறது. டாக்சியை விட்டுவிட்டு அவளோடு ஒட்டிக்கொண்டவன் பிலேந்திரன். வந்த வேலையெல்லாம் பெரும்பாலும் கல்யாணத்துக்கு முன்னர் மாப்பிள்ளையின் குணத்தை விசாரிப்பதுதான். இன்று காலை வந்த வேலை அந்த ரகம் அல்ல.

பிக்டோயில் கடலைப் பார்த்தபடி நின்ற ஒரு வெள்ளை வீட்டுக்கு அவர்கள் அழைக்கப்பட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் ஹாகோன் ரொய்ஸ்லண்ட், பழைய கப்பல் முதலாளிக் குடும்பம். பழம்பொருள் சேர்ப்பது அவருடைய பொழுதுபோக்கு. அவர் வீட்டிலிருந்து காணாமல் போனது ஒரு சுமேரிய உருளை முத்திரை. சுண்டுவிரல் அளவுகூட இல்லாத, நடுவே துளையிட்ட கரும்பச்சைக் கல். அதை ஈரக் களிமண்ணில் உருட்டினால், நாலாயிரம் வருடத்துக்கு முன் யாரோ செதுக்கிய உருவங்கள் மண்ணில் புடைத்துக்கொண்டு எழும்.

அந்தக் கல் இருந்த பெட்டிக்கு இரண்டு சாவிகள். ஒன்று ரொய்ஸ்லண்டிடம். மற்றது அவருடைய சேகரிப்பை ஒழுங்குபடுத்த வந்த பல்கலைக்கழக மாணவியிடம். ஹொல்ம்லியாவில் வளர்ந்த தமிழ்ப் பெண். பெயர் ஆரணி.

“நான் பொலிசுக்குப் போகவில்லை,” என்றார் ரொய்ஸ்லண்ட், மெல்லிய நோர்வேஜிய மொழியில். “ஓர் இளம்பெண்ணின் எதிர்காலம். உங்கள் ஆட்களிடையே பெயர் கெட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஒரு தமிழ்த் துப்பறிவாளரைத் தேடினேன். கல்லைத் திருப்பித் தரட்டும், வேலையிலிருந்து நின்றுகொள்ளட்டும். விஷயம் இந்த அறையைத் தாண்டாது. இன்று மாலை நான் ஜெனீவாவுக்குப் பறக்கிறேன். அதற்குள் முடித்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது.”

தங்கமான மனிதர் என்று பிலேந்திரனுக்குத் தோன்றியது. அவர் தந்த கோப்பியும் தரமாக இருந்தது.

ரொய்ஸ்லண்ட் தொலைபேசியை எடுக்கப் போன இடைவெளியில் சிவகாமி வெறும் பெட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். நீல வெல்வெட்டின் மடிப்பில் வெள்ளையாக ஏதோ துகள். ஈர விரலால் ஒற்றி நாக்கில் வைத்தாள்.

“ஆதாரத்தைத் தின்னுறது சட்டப்படி சரியோ அக்கா?”

“உப்பு. மாவும் கிடக்குது.”

“அப்ப கள்ளன் ரொட்டி சுடுறவன்.”

“இவ்வளவு உப்புப் போட்டால் ரொட்டியைத் தின்ன ஏலாது. தின்னாத மாவை ஆர் குழைக்கிறவை?”

நோர்வேயில் பிள்ளை வளர்த்த எவருக்கும் பதில் தெரியும். பிலேந்திரனின் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே காந்தத்தில் ஒட்டிய ஒரு யானை தொங்குகிறது. அவனுடைய மகள் பார்னஹாகே என்ற பாலர் பள்ளியில் உப்பு மாவு குழைத்துச் செய்து, சுட்டு, நிறம் அடித்துக் கொண்டுவந்தது. அது யானைதான் என்று மகள் சத்தியம் செய்திருக்கிறாள்.

ஆரணியின் கைத்தொலைபேசி அணைந்திருந்தது. அறைத்தோழியிடம் சிவகாமி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். ஆரணி குழந்தைகளோடு எங்காவது வேலை செய்கிறாளா? ஓம், வாரத்தில் சில நாள், லில்லெஸ்ட்ரோமில் ஒரு பார்னஹாகேயில்.

*

பார்னஹாகே வாசலில் குட்டிக் குட்டி ரப்பர் சப்பாத்துகள் சேறு பூசிக்கொண்டு வரிசையாக நின்றன. ஆரணி முழங்காலில் இருந்து ஒரு குழந்தைக்கு மழை உடுப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு தமிழ் முகங்கள் ஒன்றாக உள்ளே வருவதைக் கண்டதும் அவளுடைய கை அந்தரத்தில் நின்றது.

“அவர்தானே அனுப்பினவர்,” என்றாள்.

குழந்தைகள் முற்றத்துக்குப் போனபின் மூவரும் அறையில் இருந்தார்கள். கதிரைகள் எல்லாம் நாலு வயதுக்கு அளவானவை. பிலேந்திரனின் முழங்கால் அவனுடைய தாடையைத் தொட்டது. சிவகாமி உட்காரவே இல்லை.

“நான் எடுக்கேல்லை அன்ரி.”

“கடைசியா எப்ப பெட்டியைத் திறந்தனீர்?”

“ஓகஸ்டில.”

பதில் கேள்வியை முட்டிக்கொண்டு வந்தது. பிலேந்திரனுக்கு அது பிடிக்கவில்லை.

“தங்கச்சி, அந்த வீட்டில தூசி தட்டுறதுக்கெண்டே ஒரு ஆள் வருது. ஓகஸ்டில கொட்டின உப்பு நவம்பர் மட்டும் வெல்வெட்டில குந்திக்கொண்டிருக்குமோ?”

ஆரணியின் முகம் வெளிறியது. சிவகாமி அவனை ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மெச்சுதல் இருந்ததென்று அவன் எடுத்துக்கொண்டான். பிறகு அந்தப் பெண்ணின் முகத்தை மறுபடியும் பார்த்தபோது, சரியாகச் சொன்னதற்காக அவனுக்கே சங்கடமாக இருந்தது. எடுத்தவள் இவள்தான் என்று மனம் முடிவுகட்டிவிட்டது.

ஆரணி எழும்பிப் போய்த் தன் பையிலிருந்து ஒரு சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துவந்தாள். உள்ளே பாண் சுற்றும் தாளில் மடித்த ஏதோ ஒன்று. அதை அவள் பிரிக்கவில்லை.

“செவ்வாய்க்கிழமையும் திறந்தனான். என்ரை பேராசிரியைக்கு ஒரு அச்சுக் காட்டவேணும் எண்டு இஞ்சையிருந்து கொஞ்ச மாவு கொண்டுபோய் உருட்டினனான். உருட்டி முடிக்க அவர் படி ஏறிற சத்தம் கேட்டுது. பார்க்கக்கூட நேரமில்லை, தாளில சுத்திப் பைக்குள்ளை வைச்சிட்டு, கல்லைத் திருப்பிப் பெட்டியில வைச்சுப் பூட்டினன். பிறகு அவரிட்டைச் சொன்னன், நாளைக்குப் பேராசிரியை முத்திரையைப் பார்க்க வாறா எண்டு. சந்தோசப்படுவார் எண்டுதான் நினைச்சன். ஒரு மணித்தியாலத்தில, கல்லைக் காணேல்லை எண்டு வந்து நிக்கிறார்.”

“ஏன் பொய் சொன்னனீர்?”

“தொட்டனான் எண்டு சொன்னால் எடுத்தனான் எண்டுதானே நினைப்பினம்.” அவள் நிலத்தைப் பார்த்தாள். “அவர் அப்பாவுக்கும் போன் எடுத்திட்டார். அப்பா எனக்கு எடுத்து, பிள்ளை, வைச்சிருந்தால் குடுத்திடு, சனத்துக்குத் தெரியாமல் முடிப்பம் எண்டார். அதோடை போனை நிப்பாட்டிப்போட்டன்.”

வெளியே குழந்தைகள் சேற்றில் குதித்துக் கத்தினார்கள். சிவகாமி சுவருக்கும் யன்னலுக்கும் இடையே நடந்தாள்.

“அந்தக் கல்லில என்ன இருக்கு? எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லும்.”

கேட்டதுதான் தாமதம், ஆரணியின் குரல் மாறியது. “ஒரு பெண்தெய்வம் ஒரு ஆளைக் கையில பிடிச்சு அரசனுக்கு முன்னாலை கூட்டிக்கொண்டு போகுது. அரசன் ஆசனத்தில இருக்கிறார். மேலை பிறை. பக்கத்தில எழுத்து. ஊர் எண்ட நகரத்தின்ரை கடைசி அரச வம்சத்துக் காலம்.”

“ஊர் எண்டே ஒரு ஊரோ?” என்றான் பிலேந்திரன்.

“எல்லாத் தமிழ் அங்கிள்மாரும் முதல் அதைத்தான் கேட்கினம்.” அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்துபோனது. “சுமேரியரை அக்காத் பிடிச்சுது. பிறகு ஊர் எழும்பிச்சுது. அதுக்குப் பிறகு பபிலோன், அசீரியா. வந்தவை எல்லாரும் முந்தினவையின்ரை சாமானைத் தூக்கிக்கொண்டு போனவை. ஆனால் முத்திரை எண்டது ஆளின்ரை கையெழுத்து மாதிரி. கழுத்தில கட்டித் திரிவினம். துலைஞ்சால் தெருத்தெருவாக் கொம்பு ஊதி அறிவிக்கிறது. இண்டையிலிருந்து இந்த முத்திரை செல்லாது எண்டு ஊருக்கே சொல்லவேணும்.”

சிவகாமியின் நடை நின்றது. காலையிலிருந்து அவள் அசையாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

“துலைச்சவன் கொம்பு ஊதுவான்,” என்றாள் மெதுவாக. “இவர் எங்கடை வாயையும் பொத்தச் சொல்லுறார்.”

அவள் சாப்பாட்டுப் பெட்டியை இழுத்துத் தாளைப் பிரித்தாள். பாதி காய்ந்த மாவில் வரிசையாக உருவங்கள். “ஓகஸ்டிலையும் உருட்டினீர் என்ன? அது எங்கை?”

ஆரணி சுவரைக் காட்டினாள். சூரியன்கள், முள்ளம்பன்றிகள், யானை என்று சொல்லப்பட்ட வேறு பிராணிகள் எல்லாவற்றுக்கும் நடுவில், நிறம் அடிக்காத ஒரு பட்டை தொங்கியது. பிள்ளைகளுக்குக் காட்டவென்று சுட்டு மாட்டியது. சிவகாமி அதைக் கழற்றி மற்றதன் பக்கத்தில் வைத்தாள்.

“பிலேந்திரன், என்ன வித்தியாசம்?”

“ஒண்டு வெந்தது, மற்றது வேகேல்லை.”

“அரசன்ரை முகத்தைப் பாரும்.”

பார்த்தான். சுவரில் இருந்ததில் அரசன் வலது பக்கத்தில் இருந்து இடப்பக்கம் பார்த்தான். சாப்பாட்டுப் பெட்டியில் இருந்ததில் இடது பக்கத்தில் இருந்து வலப்பக்கம் பார்த்தான். அதே தெய்வம், அதே பிறை, அதே வரிசை. எல்லாமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தன.

ஆரணி வாயைப் பொத்திக்கொண்டாள். “எழுத்தும் மறுபக்கமா இருக்கு அன்ரி.”

“ஓகஸ்ட் அச்சை வேறை ஆராவது பார்த்தவையோ?”

“செப்டெம்பரில அவர் ஒரு படம் கேட்டவர். சட்டம் போட்டு மாட்டப்போறன் எண்டார். எடுத்துக் குடுத்தனான்.”

“அந்தப் படத்தை இப்பவே உம்மடை பேராசிரியைக்கு அனுப்பும். இதை எங்கையாவது முதல் கண்டவாவோ எண்டு கேளும். பிறகு ஜாக்கெட்டை எடும். எங்களோடை வாறீர்.”

*

திரும்பும் வழியில் மழை பனிச்சேறாக மாறியிருந்தது. பிற்பகல் பாதியிலேயே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சிவகாமி பொலிசுக்கு ஒருமுறை பேசினாள். பிறகு மறுபடியும் கையுறையோடு மல்லுக்கட்டத் தொடங்கினாள். பின்னால் ஒரு அம்புலன்ஸ் நீல விளக்கோடு நெருங்கியது. பிலேந்திரன் ஒதுங்கி வழிவிட்டான்.

“அம்புலன்சின்ரை நெற்றியில எழுத்தை ஏன் மறுபக்கமா எழுதியிருக்கு?” என்றாள் சிவகாமி.

“முன்னாலை போறவன்ரை கண்ணாடியில நேராத் தெரியத்தான். இதுகூடத் தெரியாமல் டாக்சி...” அவன் நிறுத்தினான். கார் கொஞ்சம் வழுக்கியது. “அக்கா, முத்திரையும் அப்பிடித்தானே. அச்சு நேரா விழவேணும் எண்டால் கல்லிலை மறுபக்கமா வெட்டவேணும்.”

“ஓம். ஓகஸ்டில இருந்த கல்லை வெட்டினவனுக்கு அது தெரியும். செவ்வாய்க்கிழமை இருந்த கல்லை வெட்டினவனுக்குத் தெரியாது. கல்லை வெளியாளிட்டைக் குடுக்க ஆருக்கோ பயம், அவன்ரை கையில கல் இல்லை. அச்சின்ரை படம்தான் இருந்தது. கண்டபடியே நேரா வெட்டிப்போட்டான். உருட்டினால் அரசன் முகத்தைத் திருப்புறார்.”

“அப்ப செவ்வாய்க்கிழமை களவுபோனது...”

“போலி.”

பின் இருக்கையில் ஆரணி அழத் தொடங்கியிருந்தாள். சத்தம் வராமல், யன்னல் பக்கம் திரும்பி.

படம் போனது ஒரே ஒரு ஆளிடம். அந்த ஆளின் கோப்பியைக் காலையில் புகழ்ந்ததை நினைக்க பிலேந்திரனுக்கு நாக்கு கசந்தது. டாக்சியில் ஏறும் கிராக்கியின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தே ஆளை எடைபோடுவேன் என்று இத்தனை காலம் சொல்லித் திரிந்தவன் அவன்.

*

ரொய்ஸ்லண்டின் முன்கூடத்தில் ஒரு சூட்கேஸ் தயாராக நின்றது. அதன் பக்கத்து நாற்காலியின் விளிம்பில், பஸ் ஓட்டுநர் சீருடையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு தமிழர் தொப்பியைக் கையில் பிடித்தபடி இருந்தார். அவர் பெயர் தில்லைநாதன். ஆரணியின் அப்பா என்று சொல்லத் தேவையில்லை. அதே மூக்கு. ஆரணியைக் காரிலேயே இருக்கச் சொன்னது நல்லதாகப் போயிற்று என்று பிலேந்திரன் நினைத்தான்.

“சாமானைக் குடுத்தால் பேசாமல் விடுவன் எண்டு சொல்லுறார்,” என்றார் அவர் சிவகாமியிடம் தாழ்ந்த குரலில். “பிள்ளையைக் கண்டனீங்களோ?”

“கண்டனான். கொஞ்சம் இருங்கோ.”

வாசிப்பறைக் கதவைச் சிவகாமி சாத்தவில்லை. ரொய்ஸ்லண்ட் கோட்டைக் கையில் எடுத்தபடி நின்றார். அவள் பாண் தாளில் சுற்றிய ஒரு சிறு பொதியை மேசையில் வைத்தாள்.

“கிடைத்துவிட்டது,” என்றாள் நோர்வேஜிய மொழியில். “ஆரணியிடம் இருந்தது.”

ரொய்ஸ்லண்டின் முகத்தில் நிம்மதி வரவில்லை. அவர் பொதியைப் பார்த்தார். அவருடைய வலது கை தானாக எழுந்து, வெயிஸ்ட்கோட்டின் சிறு பையை ஒருமுறை அழுத்திவிட்டு இறங்கியது.

“நல்லது. அங்கேயே விடுங்கள்.”

“திறந்து பார்க்கமாட்டீர்களா?”

“உங்களை நம்புகிறேன்.”

“நான் கடையில பால் எடுத்தாலே திகதி பார்த்துத்தான் எடுக்கிறனான்,” என்றான் பிலேந்திரன் சிவகாமியிடம் தமிழில். பிறகு தானே தாளைப் பிரித்தான். உள்ளே இருந்தது குளிருக்கு உதட்டில் பூசும் மெழுகுக் குச்சி. அவனுடையது.

“தொலைந்த கல் கிடைத்தது என்றால், தொலைத்தவர் முதலில் கல்லைப் பார்ப்பார்,” என்றாள் சிவகாமி. “நீங்கள் பார்க்கவில்லை. அது கிடைக்கவே முடியாது என்று உங்களுக்குத் தெரியும். போலியை நீங்களே எறிந்துவிட்டீர்கள். பெரும்பாலும் உங்கள் வீட்டுப் படகுத்துறைக்கு அடியில் கிடக்கும். உண்மையானது இருக்கிற இடத்தைச் சற்று முன்னர் உங்கள் கையே தொட்டுக் காட்டியது.”

அவள் இரண்டு மாவுப் பட்டைகளையும் பக்கம் பக்கமாக வைத்தாள். ரொய்ஸ்லண்ட் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். தன் போலியில் இருந்த பிழையை அவர் அப்போதுதான் அறிந்துகொள்கிறார் என்பது பிலேந்திரனுக்கு விளங்கியது.

“கல் ஜெனீவாவில் விலைபோனபின்னும் பெட்டிக்குள் ஒன்று இருக்க வேண்டும், அதற்காகத்தான் போலி. மாணவியை ஏமாற்ற அது போதும். ஆனால் பேராசிரியை வருகிறார் என்றதும் அது உங்கள் கழுத்துக்குக் கயிறாகிவிட்டது. ஒரே பார்வையில் கண்டுபிடித்து, அசல் எங்கே என்று கேட்பார். அதனால் போலி காணாமல் போக வேண்டும், யாராவது எடுத்திருக்க வேண்டும். வெளியே பேசாத ஒருத்தி. பேசவிடாத ஒரு குடும்பம்.”

ரொய்ஸ்லண்ட் நிமிர்ந்தார். குரல் இப்போதும் மென்மையாகத்தான் இருந்தது. “என் கல்லுக்கு நான் பிரதி செய்விப்பேன். என் கல்லை நான் சட்டைப்பையில் வைத்து ஜெனீவாவுக்குக் கொண்டுபோவேன். என் தகப்பனார் முப்பதுகளில் பஸ்ராவில் வாங்கியது. இதில் குற்றம் எங்கே?”

சிவகாமி கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கைநழுவிப் போகிறது என்று பிலேந்திரன் நினைத்தான்.

முன்கதவு திறந்து மூடியது. ஆரணி கைத்தொலைபேசியைக் காதில் வைத்தபடி, தகப்பனைக் கடந்து, நேராக வாசிப்பறைக்குள் வந்தாள்.

“பேராசிரியை பேசுகிறார்,” என்றாள் நோர்வேஜிய மொழியில். கண் சிவந்திருந்தது, குரல் நடுங்கவில்லை. “போன வருடப் போரில் பக்தாத் அருங்காட்சியகம் கொள்ளைபோனபோது காணாமல் போனவற்றின் படங்கள் அவரிடம் இருக்கின்றன. அதில் இந்த முத்திரையின் அச்சும் இருக்கிறதாம். பிறைக்கு மேலே விளிம்பு உடைந்திருப்பதுகூட அப்படியே இருக்கிறதாம். போன வருட ஏப்ரல் வரை இது பக்தாத் அருங்காட்சியகத்தில்தான் இருந்திருக்கிறது. உங்கள் தகப்பனார் எப்போது வாங்கினார் என்று கேட்கிறார்.”

ரொய்ஸ்லண்ட் கோட்டை நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். வெயிஸ்ட்கோட்டுப் பையில் இரண்டு விரலை விட்டு, அந்தக் கரும்பச்சைக் கல்லை எடுத்து மேசையில் வைத்தார். அது சற்று உருண்டு மாவுப் பட்டையில் முட்டி நின்றது.

யன்னல் கண்ணாடியில் நீல வெளிச்சம் சுழன்றது. பொலிஸ் வந்துவிட்டது.

*

சொல்ல வேண்டியவற்றைச் சொல்லி, ஒப்படைக்க வேண்டியவற்றை ஒப்படைத்துவிட்டு அவர்கள் முன்கூடத்துக்கு வந்தபோது தில்லைநாதன் எழுந்து நின்றார். கதவு திறந்திருந்தபடியால் எல்லாமே அவர் காதில் விழுந்திருந்தது.

“பிள்ளை,” என்றார்.

ஆரணி நின்றாள். “அப்பா, நீங்கள் ஒருக்கா என்னட்டைக் கேட்டிருக்கலாம். எடுத்தனியோ எண்டு. நீங்கள் கேட்கேல்லை. குடுத்திடு எண்டுதான் சொன்னனீங்கள்.”

தில்லைநாதன் தொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். காலையில் அவளை நோக்கி உப்புக் கணக்குச் சொன்னது பிலேந்திரனுக்கு ஞாபகம் வந்தது. எதையாவது சொல்லிக் கலகலப்பாக்க வேண்டும் என்று தேடினான். சிவகாமி அவனுடைய முழங்கையைப் பிடித்தாள்.

பொலிஸ்காரி ஒருத்தி ஆரணியிடம் வந்தாள். நிலையத்தில் முழு வாக்குமூலமும் எடுக்க வேண்டும், நேரமாகும், துணைக்கு யாராவது வருகிறார்களா என்று கேட்டாள். சிவகாமி ஓரடி முன்னால் வைத்தாள்.

“என் அப்பா வருவார்,” என்றாள் ஆரணி. பிறகு தமிழில், அவர் பக்கம் திரும்பி, “நான் சொல்லுறதை நீங்கள் முதலிலிருந்து கடைசி மட்டும் இருந்து கேட்கவேணும்.”

“ஓம் பிள்ளை,” என்றார் தில்லைநாதன்.

அவர் மகளுக்குப் பின்னால் பனிச்சேற்றில் இறங்கிப் போனார். ஆரணி பொலிஸ் காரின் முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள். பின் இருக்கையில், மடியில் தொப்பியோடு, தலையைக் குனிந்து அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, அந்த வீட்டிலிருந்து கைதாகிப் போகிறவர் அவர்தான் என்று பிலேந்திரனுக்குத் தோன்றியது.